கல்லும் கயிறும்: முத்துக்குளிப்பின் பாரக் கணக்கு

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, ஆழத்திலிருந்து பாரம் தூக்கும் தொழில். தூத்துக்குடிக்கு வெளியே, திரேஸ்புரம் கரையிலிருந்து தோணிகள் பாய் விரித்துப் போய்ச் சேரும் தொலைவில், முத்துச்சிப்பி ஒட்டி வளரும் பாறைத் திட்டுகள் கடலடியில் கிடக்கின்றன. பார் என்று அழைக்கப்படும் அந்தத் திட்டுகளில் பலவற்றின் ஆழம் 5 முதல் 10 பாகம், அதாவது ஏறக்குறைய 9 முதல் 18 மீட்டர். அங்கே விளைந்த சிப்பி ஒவ்வொன்றும் மனிதக் கையால் பறிக்கப்பட்டு, மனிதக் கையால் இழுக்கப்பட்டுத்தான் மேலே வந்தது. எத்தனை எடையை, எவ்வளவு உயரத்துக்கு, எத்தனை விநாடியில் தூக்குவது என்ற மூன்று அளவுகள் இந்தத் தொழிலின் எல்லைகளை வகுத்தன.

தொழில் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே போன மார்க்கோ போலோ, குளிப்பு நடக்கும் விதத்தையும், சுறாவை மந்திரத்தால் கட்டுவோருக்குத் தரப்பட்ட பங்கையும் விவரித்திருக்கிறார். பின்னர் போர்ச்சுகீசியரும், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரும், அவர்களுக்குப் பிறகு ஆங்கிலேயரும் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, நடத்தினார்கள். எடுத்த சிப்பி எத்தனை, ஏலம் போன விலை எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு என்பதையெல்லாம் ஆட்சியாளர்களின் ஏடுகள் கவனமாகக் குறித்தன. கயிறு இழுத்தவர்கள் அந்த ஏடுகளில் பெரும்பாலும் தலைக்கணக்காக மட்டுமே வருகிறார்கள். ஆனாலும் கல்லின் எடை, கடலின் ஆழம், மூழ்கியிருந்த நேரம் ஆகியவை ஆங்காங்கே பதிவாகியிருப்பதால், அவர்களுடைய உழைப்பை இன்று அளந்து பார்க்க முடிகிறது.

இலங்கையின் முத்துப் பார்களுக்கு ஆய்வாளராக இருந்த கேப்டன் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் 1843இல் வெளியிட்ட நூல், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தூத்துக்குடிச் சலாபத்தைப் பார்த்து 1890இல் வெளியிட்ட குறிப்புகள், கடலியல் அறிஞர் ஜேம்ஸ் ஹார்னெலின் 1905ஆம் ஆண்டு அறிக்கை ஆகியவை இந்த அளவீட்டுக்கு முக்கியமானவை. இலங்கைப் பார்களில் மூழ்கியவர்களிலும் பெரும் பகுதியினர் தமிழகக் கரையிலிருந்து போனவர்களே என்பதால், அங்கே பதிவான முறையும் இங்கே நடந்த முறையும் ஏறக்குறைய ஒன்றே.

அந்தக் காலத்து முத்துத் தோணி ஒன்றில் வழக்கமாக 23 பேர் இருந்தார்கள். தோணியை நடத்தும் தண்டல் ஒருவர், சுக்கான் பார்க்க ஒருவர், ஊறும் நீரை இறைக்க ஒருவர், மூழ்கும் குளிகாரர் 10 பேர், கயிறு பிடிப்போர் 10 பேர். குளிகாரர் ஒருவருக்குக் கயிறு பிடிப்பவர் ஒருவர் என்ற இந்தச் சரிபாதி அமைப்பிலேயே தொழிலின் கணக்கு அடங்கியிருக்கிறது. கல் மட்டும் ஐந்து. ஒரு கல்லுக்கு இரண்டு குளிகாரர். ஒருவர் மூழ்கி எழுந்து மூச்சு வாங்கும்போது மற்றவர் அதே கல்லில் இறங்குவார்.

கல் என்பது அடி அகன்று தலை குறுகிய கருங்கல். தலைப்பக்கத்துத் துளையில் கயிறு கோத்து, கால் நுழைக்க ஒரு வளையமும் விட்டிருப்பார்கள். எடை பெரும்பாலும் 30 முதல் 40 ராத்தல். பெரிய கல் 18 கிலோ வரும். அது தோணியின் பக்கவாட்டில் நீட்டிய கழியிலிருந்து தொங்கும். குளிகாரர் வளையத்தில் ஒரு காலை வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிப்பி போடும் வலைப்பையோடு நீரில் நின்றபடி மூச்சை இழுத்து நிரப்புவார். மூக்கை விரலால் பிடித்துக்கொண்டு அவர் சைகை காட்டியதும் கயிறு தளரும். கல் அவரைச் செங்குத்தாகக் கீழே கொண்டுபோகும். பாறையைத் தொட்டதும் அவர் காலை விடுவித்துக்கொள்ள, மேலே இருப்பவர் கல்லை உடனே இழுத்துப் பழைய இடத்தில் தொங்கவிடுவார். குளிகாரர் பாறையோடு படிந்து சிப்பிகளைப் பறித்துப் பைக்குள் போடுவார். மூச்சு முடியும் தறுவாயில் பைக்கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் கயிறு மேலேறத் தொடங்கும். அதைப் பற்றிக்கொண்டு அவரும் எழும்புவார். ஒரு மூழ்கலுக்கு இரண்டு இழுப்பு: முதலில் கல், பிறகு பையும் ஆளும்.

ஒரு பொருளை உயரத் தூக்கச் செய்யும் வேலை, அதன் எடையை உயரத்தால் பெருக்கக் கிடைப்பது. அந்த வேலையை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்தால் திறன் கிடைக்கும். 1 கிலோ பொருளைப் புவி இழுக்கும் விசை சுமார் 9.8 நியூட்டன், அதை 1 மீட்டர் தூக்க 9.8 ஜூல் வேண்டும். அதை 1 விநாடியில் முடிக்க 9.8 வாட் திறன் வேண்டும். கரையில் இவ்வளவு போதும். கடலுக்குள் இன்னும் இரண்டு சேர்கின்றன. ஒன்று, ஆர்க்கிமிடீஸ் சொன்ன மிதப்பு விசை. மற்றது, வேகத்தோடு ஏறும் நீர்த்தடை.

கருங்கல்லின் அடர்த்தி கடல்நீரைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். எனவே 18 கிலோ கல் நீருக்குள் இருக்கும்வரை 11 கிலோவாகத்தான் கனக்கும். மீதி 7 கிலோவைக் கடல் தாங்குகிறது. கல் நீர்மட்டத்தை விட்டு வெளியே வரும் கணத்தில் அந்தத் தாங்கல் போய்விடும். கையில் 18 கிலோவும் முழுதாக இறங்கும். ஒவ்வொரு முறையும் கல்லைத் தோணிக்குள் ஏற்றாமல் பக்கவாட்டிலேயே தொங்கவிட்ட வழக்கத்தின் பலன் இதில் தெரிகிறது.

கல் எதற்கு என்பதையும் கணக்கே சொல்லும். நெஞ்சு நிறைய மூச்சிழுத்த மனித உடல் கடல்நீரில் மிதக்கும், இறங்க விடாது. 15 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல இரண்டரை மடங்கு. மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று அங்கே ஏறக்குறைய 2.4 லிட்டராக ஒடுங்கிவிடும். ஒடுங்கிய 3.6 லிட்டருக்கு ஈடாக மிதப்பும் குறையும். மேலே மிதந்த அதே உடல் அடியில் ஒன்றரை, இரண்டு கிலோ கனமாகிவிடுகிறது. தொடக்கத்தில் மிதப்பை வென்று கீழே இழுக்கக் கல் வேண்டும். முடிவில் அடியில் கனத்துப்போன உடலை மேலே எடுக்கக் கயிறு வேண்டும். கல்லின் உதவியோடு 15 மீட்டரை 11 விநாடி அளவில் கடந்துவிடலாம். கைவீசிக் காலுதைத்து நீந்தி இறங்கினால் அதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகும், மூச்சும் அதிலேயே கரையும். கல் இறங்கும்போது புவியீர்ப்பு இலவசமாகக் கொடுத்த ஆற்றலைத் திருப்பிக் கட்டியவர் மேலே நின்ற கயிற்றாள்தான்.

அவர் கட்டியது எவ்வளவு? நீருக்குள் 11 கிலோ கனக்கும் கல்லை 15 மீட்டர் தூக்கச் சுமார் 1,600 ஜூல். நீர்த்தடையைச் சேர்த்தால் 1,800 ஜூல் என்று கொள்ளலாம். அதை 15 விநாடியில், விநாடிக்கு ஒரு மீட்டராக இழுத்தால் தேவைப்படும் திறன் 120 வாட். அரை நிமிடம் எடுத்துக்கொண்டு இழுத்தால் வேலை அநேகமாக அதேதான். திறன் 55 வாட்டாக இறங்கிவிடும். அடுத்த குளிகாரர் தயாராகும் வரை கல்லுக்கு அவசரம் இல்லை. அவசரம் ஆளை இழுப்பதில் இருக்கிறது.

ஸ்டூவர்ட் கண்ட அளவில் ஒரு மூழ்கல் வழக்கமாக ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. 87 விநாடிக்கு மேல் தாக்குப்பிடித்த எவரையும் அவர் அறியவில்லை. ஒரு மூழ்கல் 55 விநாடி என்று வைத்துக்கொண்டால், 15 மீட்டர் ஆழத்தில் இறங்க 11 விநாடியும் ஏற 15 விநாடியும் போகும். சிப்பி பறிக்க மிஞ்சுவது 29 விநாடி. ஏறத் தொடங்கும்போது கனத்த உடல், பையிலுள்ள சிப்பி, நீரின் தடை எல்லாம் சேர்ந்து கயிற்றில் ஏறக்குறைய 70 நியூட்டன் விழும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது 70 வாட். மேலே வர வர நுரையீரல் விரிந்து உடல் இலேசாகும். கடைசி சில மீட்டரில் தடையை மட்டும் வென்றால் போதும்.

ஆழம் கூடினால் கணக்கு கடுமையாகிறது. எந்தக் குளிகாரரும் 13 பாகத்தை எட்டியதைத் தாம் அறியவில்லை என்பது ஸ்டூவர்ட்டின் மற்றொரு கூற்று. 13 பாகம் என்றால் 24 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே இறங்க 17 விநாடி, ஏற 24 விநாடி. பறிக்க 14 விநாடிதான் மிஞ்சும். இழந்த நேரத்தை மீட்கக் கயிற்றை ஒன்றரை மடங்கு வேகமாக இழுக்கலாமே என்று தோன்றும். நீர்த்தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவது. அதை வெல்லும் திறனோ வேகத்தின் மும்மடியாக ஏறுவது. வேகம் ஒன்றரை மடங்கானால் தடைக்குரிய திறன் மூன்று மடங்கைத் தாண்டிவிடும். 70 வாட் இருந்த இடத்தில் 200 வாட் தேவைப்படும். அசையும் தோணியின் விளிம்பில் நின்று, நனைந்த கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பவரிடம் காலை முழுதும் அதை எதிர்பார்க்க முடியாது. காது வலி, மூச்சு, சிப்பியின் அளவு என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆயினும் ஆழத்தின் எல்லையைக் கீழே இருப்பவரின் துணிவு மட்டும் தீர்மானிக்கவில்லை. மேலே இருப்பவரின் தோள்பட்டையும் தீர்மானித்தது. முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் முன்னவரைப் பாடி, பின்னவரைக் கடந்து போய்விட்டார்கள். அது சரியான கணக்கு ஆகாது.

தோணிகள் இரவில் கரைக்காற்றைப் பிடித்துப் போய், விடிந்ததும் வேலை தொடங்கி, நண்பகலில் கடற்காற்றோடு திரும்பும். ஆறு மணி நேரத்தில் ஒரு குளிகாரர் 40, 50 முறை மூழ்கியதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன. 45 என்று கொண்டால் கயிற்றாள் 45 முறை கல்லையும் 45 முறை ஆளையும் இழுக்கிறார். மூழ்கல் ஒன்றுக்குச் சுமார் 2,600 ஜூல் வீதம் நாள் முழுதும் 1,17,000 ஜூல். பெரிதாகத் தோன்றும் இந்த எண் 28 கிலோகலோரிக்குத்தான் சமம். தின்ற உணவில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தசை இயக்கமாக மாற்றும் என்று வைத்தாலும் இரண்டு மூன்று இட்லியில் இந்த ஆற்றல் அடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்கும் சராசரி எடுத்தால் திறன் 5 வாட்டைச் சற்றே தாண்டுகிறது. வேலைக்கும் திறனுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. சராசரியைப் பார்த்தால் எளிய வேலை; அந்தந்தப் பதினைந்து விநாடியைப் பார்த்தால் உடலைப் பிழியும் வேலை. கீழே ஒருவர் மூச்சடக்கிக் காத்திருக்கும்போது அந்த விநாடிகளை நீட்டிக்க வழியில்லை.

மனித உடலின் திறனை அளக்கும் முயற்சி ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. குதிரை செய்யும் வேலையோடு தம் நீராவிப் பொறியை ஒப்பிட்டு விலை பேச வேண்டியிருந்த ஜேம்ஸ் வாட், நிமிடத்துக்கு 33,000 அடி-ராத்தல் என்று குதிரைத்திறனை வரையறுத்தார்; இன்றைய அளவில் அது 746 வாட். அவர் பெயரையே அலகாக வைக்கலாம் என்று 1882இல் முன்மொழிந்தவர் வில்லியம் சீமென்ஸ். நாள் முழுதும் உழைக்கும் ஆளுக்குக் குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 75 வாட், என்பது பொறியாளர்கள் கையாண்ட பொதுக் கணக்கு. மின்னூட்ட ஆய்வுக்காகப் பெயர் பெற்ற பிரெஞ்சு அறிஞர் கூலோம் மனித உழைப்பையும் அளந்தார். கையால் இழுப்பதைவிட, வெறுங்கையோடு படியேறிப் போய்த் தன் உடல் எடையாலேயே எதிர்ப்பக்கத்துப் பாரத்தை எழுப்பும் ஆள் நாள் ஒன்றுக்கு அதிக வேலை செய்கிறார் என்பது அவர் கண்டது. தமிழகத்து வயல்களில் ஏற்ற மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து நீர் இறைத்தவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது இதைத்தான். காலும் உடல் எடையும் சேர்ந்து செய்யும் வேலை கை தனியாகச் செய்வதைவிட மேல். தோணியில் அந்த வசதி இல்லை. காலைத் தோணியில் ஊன்றி முதுகைக் கொடுத்து இழுக்கலாம். நடக்க இடம் கிடையாது.

கடலை விட்டுத் துறைமுகத்துக்கு வந்தால் மிதப்பு விசையின் உதவி போய்விடுகிறது. தூத்துக்குடிக் கடல் கரையோரத்தில் ஆழம் குறைந்தது. பெரிய கப்பல்கள் பல மைல் தள்ளியே நங்கூரமிட வேண்டியிருந்தது. 1876இல் ரயில் பாதை வந்து பருத்தி ஏற்றுமதி பெருகியபோதும், 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் காலியா, லாவோ என்ற கப்பல்கள் கொழும்புக்கு ஓடியபோதும், சரக்கு தோணியில் போய்க் கப்பலில் ஏறும் நிலை மாறவில்லை. அழுத்திக் கட்டிய பருத்திப் பொதி ஒன்று 392 ராத்தல், அதாவது 178 கிலோ. அதைத் தோணியிலிருந்து கப்பல் தளத்துக்கு 8 மீட்டர் உயர்த்தச் சுமார் 14,000 ஜூல் வேண்டும். 10 விநாடியில் முடிக்க 1,400 வாட், ஏறக்குறைய இரண்டு குதிரைத்திறன். 75 வாட் கணக்கில் அது 19 ஆட்களின் வேலை. கப்பலில் நீராவி வின்ச் வந்ததன் பொருளாதாரம் இந்த ஒரு பொதியிலேயே விளங்கும். கப்பிகளைச் சேர்த்து இழுத்தால் குறைந்த ஆட்களாலும் பொதியைத் தூக்கலாம். ஆனால் கப்பி விசையைத்தான் குறைக்கும். இழுக்க வேண்டிய கயிற்றின் நீளம் அதே அளவுக்குக் கூடிவிடும். வேலை குறையாது, அதே ஆட்கள் என்றால் நேரம் நீளும்.

நகருக்குத் தெற்கே கட்டிய புதிய துறைமுகம் 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் மேடையை ஒட்டியே நிற்க, 1990களின் இறுதியில் பெட்டகச் சரக்குக்கான முனையமும் வந்தது. சரக்கோடு 40 டன் கனக்கும் பெட்டகத்தை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தூக்க 392 கிலோவாட், 525 குதிரைத்திறன் வேண்டும். கயிற்றாள் கல்லை இழுத்த அதே வேகம். அவருடைய 120 வாட்டைப்போல மூவாயிரம் மடங்குக்கு மேல் திறன்.

முத்துச் சலாபம் இதற்குள் முடிந்திருந்தது. தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்புகளுக்குப் பிறகு பார்களில் சிப்பி தேறவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஆழத்தில் மூழ்கும் தொழில் நின்றுவிடவில்லை. திரேஸ்புரத்தில் அது சங்கு குளிப்பாகத் தொடர்கிறது. வங்காளத்து வளையல்களுக்காக நெடுங்காலம் இங்கிருந்து போன சங்கு பாறையில் ஒட்டி வளராது. மணல் படுகையில் தனித்தனியாகக் கிடக்கும். நின்ற இடத்தில் பறிக்க முடியாமல், தேடி நீந்தித்தான் எடுக்க வேண்டும். முகக் கண்ணாடியும், காலில் கட்டிய தகடும் வந்தபோது கல்லின் தேவை குறைந்தது. இறங்கும் வேலையும் ஏறும் வேலையும் கயிற்றாளின் கையிலிருந்து குளிகாரரின் தொடைக்கு மாறின.

அடுத்து வந்தது கம்ப்ரசர். வள்ளத்தில் எஞ்சினால் ஓடும் காற்றழுத்தி, நீண்ட குழாய் வழியே கீழே இருப்பவருக்கு மூச்சுக் காற்று அனுப்புகிறது. மிதமாக உழைக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் காற்றை இழுத்துவிடுகிறார் என்றால், 15 மீட்டர் ஆழத்தில் அதைக் கொடுக்க மேற்பரப்பிலிருந்து 75 லிட்டரை எடுத்து அழுத்த வேண்டும். இழப்பே இல்லாத பொறியிலும் அதற்குச் சுமார் 115 வாட் போகும். அன்று கயிற்றாள் கல்லை இழுக்கும் பதினைந்து விநாடிக்குக் கொடுத்த திறனும் ஏறக்குறைய இதே அளவுதான். இன்று எஞ்சின் அதை இடைவிடாமல் கொடுக்கிறது. குளிகாரர் கீழே இருக்கும் நேரம் விநாடியிலிருந்து மணிக்கணக்குக்குப் போனதும் அதனால்தான். வள்ளத்தில் இருப்பவரின் வேலை குழாய் மடங்காமல், சிக்காமல் பார்த்துக்கொள்வது.

நேரத்தைப் பற்றிய பழைய விதி இங்கே தலைகீழாகிறது. மூச்சடக்கி மூழ்கியவரை எவ்வளவு விரைவாக இழுத்தார்களோ அவ்வளவு நல்லது. அழுத்திய காற்றை வெகுநேரம் சுவாசித்தவரின் இரத்தத்திலும் தசையிலும் நைட்ரஜன் கரைந்து தங்குகிறது. அவர் விரைந்து ஏறினால் அது குமிழியாக வெளிப்பட்டு மூட்டுகளை முடக்கும், முதுகுத்தண்டைத் தாக்கிக் கால்களைச் செயலிழக்கச் செய்யும், உயிரையும் எடுக்கும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறக் கூடாது என்பது இன்றைய மூழ்கு விதிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 15 மீட்டருக்கு அது 100 விநாடி. ஆழத்தில் இருந்த நேரம் நீண்டால் வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். நீருக்குள் 12 கிலோ கனக்கும் சங்குப் பையை அந்த வேகத்தில் மேலே எடுக்க 18 வாட் திறனே போதும்.